சுட்ட மண்ணும் எஸ்லோனும்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் நான் இருந்த வீட்டின் முன்முற்றத்துக் கல் ஒன்று சில வருடங்களுக்கு முன் தாழத் தொடங்கியது. முதலில் ஒரு விரலளவு. மாரி முடிய ஒரு சாண். கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் கீழே மண்ணைக் காணவில்லை. ஓர் ஆள் குந்தியிருக்கக்கூடிய வெற்றிடம், அதன் அடியில் இரண்டு குழாய்கள். ஒரு பக்கம் கபில நிறத்தில் இன்னமும் மினுங்குகிற பழைய மண் குழாய். மறுபக்கம் சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாய். இரண்டும் சந்திக்கிற இடத்தில் உடைந்துபோன சீமெந்து வளையமும், அதற்குள் திணித்திருந்த சாக்குத் துண்டும்.

திருத்த வந்த பாஸ் அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "புதுசா சீமெந்து போட்டா நிக்கும் ஐயா" என்றார். போன முறை வந்தவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பழைய மண் குழாயோடு புது பி.வி.சி குழாயை நிலத்துக்குக் கீழே எப்படிப் பொருத்துவது? கொழும்பில் நாள்தோறும் எங்கோ ஒரு முற்றத்தில் நடக்கிற வேலை இது. வீடு விற்கும்போது, குளியலறை புதுப்பிக்கும்போது, பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பும்போது, எல்லா இடத்திலும் இந்தச் சந்திப்பு வருகிறது. ஆனால் இதற்கென ஒரு முறை உண்டு என்று எண்ணுகிறவர்கள் குறைவு. குழாய்க்கு விலை கேட்கிறோம், பாஸுக்குக் கூலி பேசுகிறோம், பொருத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் பேசுவதில்லை.

கொழும்பின் மலநீர்க் குழாய் வலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய ஆட்சியில் போடத் தொடங்கியது. செங்கல்லால் கட்டிய பெரிய வழிகள், வார்ப்பிரும்பு, சுட்ட களிமண் என்று பல வகை. மாநகர சபையின் பொறுப்பில் உள்ள அந்த வலை, தெற்கில் வெள்ளவத்தையிலும் வடக்கில் முகத்துவாரத்திலும் கடலடிக் குழாய்களில் போய் முடிகிறது. இரண்டுமே கரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே நீள்பவை. 2009இல் ஆசிய அபிவிருத்தி வங்கி இந்த வலையைச் சீர்செய்ய 100 மில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தபோது வலைக்கு வயது ஏறக்குறைய நூறாகியிருந்தது. வீதிக்குக் கீழே இருப்பதைக் கடன் வாங்கித் திருத்தலாம். வீதி எல்லையிலிருந்து நம் கக்கூசு வரை இருக்கிற அந்த முப்பது, நாற்பது அடிக்கு எந்த வங்கியும் வராது.

வெள்ளவத்தையில் இது இன்னொரு விதத்திலும் சிக்கல். அங்கே குடியேறிய எங்களில் பலர் யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தக் குழி. நிறைந்தால் பக்கத்தில் இன்னொன்று வெட்டுவோம். குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று அண்டை வீட்டாரோடு சண்டை பிடிப்போம். ஆனால் குழி நம்முடையது, அதன் பிழையும் நம்முடையது. கொழும்புக்கு வந்த பிறகுதான் நம் வீட்டுத் தண்ணீர் அடுத்தவன் காலடியில் ஓடுகிற ஏற்பாட்டைக் கண்டோம். 'அங்கால போட்டுது' என்றால் முடிந்தது என்ற எண்ணம் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. கக்கூசு என்ற சொல்லே ஒல்லாந்தரிடமிருந்து வந்ததென்பார்கள். சொல்லை எடுத்துக்கொண்ட அளவுக்கு அதற்குப் பின்னால் இருக்கிற குழாயை நாம் சொந்தமாக்கிக்கொள்ளவில்லை.

மண் குழாயைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் அதை மண்சட்டியோடு சேர்த்து நினைக்கிறார்கள். கீழடியில் ஒன்றோடொன்று செருகிய சுடுமண் குழாய்கள் கிடைத்தபோது தமிழர் பெருமைப்பட்டோம், சரி. ஆனால் கொழும்புக்குக் கீழே கிடப்பது அதைவிட இறுக்கமான பொருள். 1846இல் இலண்டனின் லாம்பெத்தில் ஹென்றி டூல்ட்டன் தொழிற்சாலை முறையில் வடிகால் குழாய் செய்யத் தொடங்கியபோது கையாண்டது, களியை மிக உயர்ந்த வெப்பத்தில் கல்லாகும்வரை சுட்டு, சூளைக்குள் உப்பை வீசுகிற முறை. உப்பிலுள்ள சோடியம் களியின் சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிப் பூச்சாகிறது. அந்தப் பளபளப்புத்தான் என் முற்றத்தில் கண்டது. அமிலம் அதைத் தின்னாது, உப்புத் தண்ணீர் தொடாது, எலி கடிக்காது. இந்தியாவில் வங்காளத்து ராணிகஞ்சிலும் இத்தகைய குழாய்கள் பெருமளவில் செய்தார்கள். தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் இன்றும் 'ஸ்டோன்வேர் பைப்' என்கிறார்கள்.

அப்படியானால் மண் குழாய் எங்கே தோற்கிறது? பொருத்தில். பழைய குழாய்கள் இரண்டடி நீளத்தில் வந்தவை. நாற்பது அடிக்கு இருபது குழாய், அவற்றுக்கு நடுவே பத்தொன்பது பொருத்து. தார் தோய்த்த சணலை முதலில் இறுக்கி, அதன்மேல் சீமெந்துக் கலவை. சணல் இரண்டு வேலை செய்தது: கலவை உள்ளே வழியாமல் தடுத்தது, குழாயை நடுவில் நிறுத்தியது. நல்ல கைவேலை. ஆனால் பொருத்து விறைப்பானது. நிலம் ஒரு நூல் அசைந்தால் கலவை வெடிக்கும். வெடித்த இடத்துக்கு ஈரம் தேடி வேர் வரும். அரச மரமும் ஆலமரமும் வைத்த கோயில் வளவுகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இப்போது எஸ்லோன். அது ஒரு வணிகப் பெயர்தான். என்றாலும் இலங்கையில் யார் செய்த பி.வி.சி குழாயும் பேச்சில் எஸ்லோன். நீளமாக வருகிறது, பொருத்துக் குறைவு, ஒரு பையன் தோளில் தூக்கிப் போவான். மண் குழாய்க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எடையில் இல்லை, சுமையைத் தாங்குகிற விதத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வயல் வடிகாலுக்குப் போட்ட களிமண் குழாய்கள் வெடித்ததை ஆராய்ந்த ஆன்சன் மார்ஸ்டன், பள்ளத்தில் நிரப்பிய மண் குழாய்மீது எவ்வளவு எடை ஏற்றுகிறது என்று 1913இல் கணக்கிட்டுக் காட்டினார். அதே மாநிலத்தின் ஸ்பாங்லர் 1941இல், வளையக்கூடிய குழாய்க்கு வேறு கணக்கு வேண்டும் என்றார். விறைப்பான குழாய் தன் சொந்தப் பலத்தில் நிற்கிறது. வளைகிற குழாய் இரு பக்கத்து மண்ணில் சாய்ந்து நிற்கிறது. பக்கத்து மண்ணைச் சரியாக இடிக்காவிட்டால் பி.வி.சி முட்டை வடிவில் தட்டையாகும். மண் குழாய் வட்டமாகவே இருக்கும், அல்லது வெடிக்கும். ஒன்று வளைய, மற்றது வளையாமல் நிற்க, இரண்டின் சந்திப்பில் விறைப்பான சீமெந்தைப் பூசினால் அது யாருக்கு இசைந்து கொடுக்கும்?

சீமெந்துக்கு எதிரான இரண்டாவது காரணம் இன்னும் எளிது: அது பி.வி.சியில் ஒட்டாது. வழுவழுப்பான மேற்பரப்பு. கலவை காய்ந்து சுருங்கும்போது மயிரிழை இடைவெளி விழும். சில பழைய கைகாரர்கள் குழாயின் நுனியில் பி.வி.சி பசையைத் தடவி, காயுமுன் பருமணலில் புரட்டி எடுத்து, மறுநாள் கலவை பூசுவார்கள். இது உண்மையில் வேலை செய்கிறது, மணலைச் சீமெந்து பிடிக்கும். ஆனால் விறைப்பு அப்படியே இருக்கிறது. ஆங்கிலக் கைநூல்கள் இந்த இடத்தில் வெப்ப விரிவைப் பெரிதாக எழுதும். பி.வி.சி ஒரு மீற்றருக்கு ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர் விரிகிறது, சுட்ட களி அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கணக்குச் சரி. ஆனால் கொழும்பு மண்ணுக்கு அடியில் மாரிக்கும் கோடைக்கும் பெரிய வேறுபாடு ஏது? நாம் கொதிநீரில் குளிக்கிறவர்களும் இல்லை. இங்கே பொருத்தைக் கெடுப்பது வெப்பத்தைவிட மண் தாழ்வதுதான் என்பது என் முடிவு.

மூன்றாவது காரணம் வாயு. மலநீர் தேங்கினால் அழுகிய முட்டை மணமுள்ள ஹைட்ரஜன் சல்பைட்டு எழும். குழாயின் உட்கூரையில் வாழும் நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. மெல்பேர்னில் பார்க்கர் என்பவர் 1945இல் இந்த நுண்ணுயிர்களை இனங்காட்டினார். அமிலம் களியையும் பி.வி.சியையும் விட்டுவிட்டுச் சீமெந்தை மட்டும் அரிக்கும். வீட்டுக் குழாயில் காற்றோட்டம் நன்றாக இருந்தால் இது மெதுவாகத்தான் நடக்கும், பெரிய வழிகளில்தான் வேகம். ஆனாலும் வேடிக்கையைப் பாருங்கள்: நீடித்து நிற்கக்கூடிய இரண்டு பொருள்களை, அழியக்கூடிய மூன்றாவதை வைத்து இணைக்கிறோம்.

சீமெந்தை விட்டால் இரண்டாம் வழி றப்பர் உறை. கையுறைபோல இரு குழாய்களின் வெளிப்புறத்தையும் மூடி, துருப்பிடிக்காத உருக்குப் பட்டிகளால் இறுக்குவது. ஒரு பக்கம் வளைந்தாலும் மறுபக்கம் வெடிக்காது. குழாயோடு குழாயைப் பொருத்தித்தான் ஆகவேண்டும் என்றால் இதற்குத்தான் என் வாக்கு, ஆனால் மூன்று நிபந்தனையோடு. முதலாவது அளவு. நாலு இஞ்சி மண் குழாயின் உள் விட்டம் 100 மில்லிமீற்றர் என்றால் சுவர்த் தடிப்பைச் சேர்த்து வெளி விட்டம் 124 அளவில் வரும். நாலு இஞ்சி எஸ்லோன் வெளியே 110. எனவே ஒரே அளவு உறை இரண்டையும் பிடிக்காது, படி வைத்த உறையோ இடைநிரப்பும் றப்பர் வளையமோ வேண்டும். பழைய சோனகத் தெருவில் போய் 'நாலு இஞ்சி' என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் ஏதோ ஒன்றைத் தருவார். வெளி விட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, வெறும் றப்பர் மட்டுமான உறை பாரத்தில் தொய்யும். தொய்ந்தால் ஒரு குழாய் மற்றதைவிடத் தாழும், அந்தப் படியில் கடதாசியும் தலைமயிரும் சிக்கும். றப்பரைச் சுற்றி முழுமையாக உருக்குத் தகடு போர்த்திய வகையை வாங்க வேண்டும், அல்லது அடியில் சல்லிப் படுக்கையை மிகக் கவனமாக அமைக்க வேண்டும். இரண்டையும் செய்தால் இன்னும் நல்லது. மூன்றாவது வெள்ளவத்தைக்கே உரியது. கடற்கரை மண்ணில் உப்பு இருக்கிறது. 304 எனக் குறித்த உருக்கு உப்பில் பொட்டுப் பொட்டாக அரிக்கும். 316 என்றிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்குகிற வழியையும் பார்த்திருக்கிறேன். கம்பி துருப்பிடிக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும்.

றப்பரோ சீமெந்தோ, எதுவானாலும் ஓட்டத்தின் திசையை முதலில் பார்க்க வேண்டும். குழாயின் அகன்ற வாய் எப்போதும் தண்ணீர் வரும் பக்கத்தை நோக்கியிருக்கும். வீட்டுப் பக்கம் புதுக் குழாய், வீதிப் பக்கம் பழைய குழாய் என்றால் மண் குழாயின் வாய் நம்மைப் பார்த்துக்கொண்டு இருக்கும், வேலை எளிது. ஆனால் அந்த எளிமையில் ஒரு பொறி உண்டு. அகன்ற வாய்க்குள் எஸ்லோனைச் செருகினால் அது வாயின் அடித்தளத்தில் போய் உட்காரும். மண் குழாயின் உள்தளமோ அதைவிட ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. வருகிற தண்ணீர் ஒரு வாசற்படியில் ஏறிப் போகவேண்டிய நிலை. தேங்காய்ப்பூச் சக்கை அந்தப் படியில் படியத் தொடங்கும். பழைய பாஸ்மார் சணலை அடியில் கூடுதலாக வைத்து இறுக்கியது இதற்காகத்தான். என் முற்றத்துச் சாக்குத் துண்டும் ஒருவேளை அந்த நினைவின் மிச்சமாக இருக்கலாம், சணல் இல்லாத காலத்துச் சணல்.

வீட்டின் நடுவில் பழைய குழாய் உடைந்து, அதன் இரு முனைக்கும் நடுவில் புதுத் துண்டு வைப்பதானால் வெட்டுத்தான் முக்கியம். சுத்தியலும் உளியும் கொண்டு மண் குழாயை வெட்டினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அடுத்த துண்டு வரை ஓடும். சங்கிலிக் கருவியால் சுற்றி நெரித்து உடைக்கலாம், அல்லது வைர விளிம்புத் தகடு பூட்டிய கிரைண்டரால் தண்ணீர் ஊற்றி ஊற்றி வெட்டலாம். வெட்டும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு. பாஸுக்கு முகமூடி வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்பார், இருந்தாலும்.

மூன்றாம் வழி, பொருத்தையே ஒழிப்பது. இரண்டு குழாயும் சந்திக்கிற இடத்தில் சிறிய மேன்ஹோல் ஒன்று கட்டி, ஒரு பக்கம் பி.வி.சியும் மறுபக்கம் மண் குழாயும் அதற்குள் வந்து முடிய, நடுவில் அரைவட்ட வாய்க்காலில் தண்ணீர் ஓடும். ஒன்றை ஒன்று தொடாததால் விட்டத்து வேறுபாடு தொல்லை தராது. அடைத்தால் மூடியைத் திறந்து தடி விட்டுக் குத்தலாம். குழாய் சுவருக்குள் நுழைகிற இடம் மட்டும் விறைப்பாகிவிடும் என்பதால், சுவரை ஒட்டி முதலில் இரண்டடிக்கு மேற்படாத குட்டைத் துண்டு ஒன்றை வைத்து அதன் இரு முனையிலும் வளையும் பொருத்துப் போட வேண்டும். சுவர் தாழ்ந்தாலும் அந்தக் குட்டைத் துண்டு ஊஞ்சல்போல ஆடி ஈடுகொடுக்கும். செலவு கூட, இடமும் வேண்டும். முற்றமுள்ள வெள்ளவத்தை வீடுகளுக்கு இதைவிட நல்லது இல்லை. இரண்டு மூன்று அடி ஆழத்துக்குமேல் போனால் மட்டும் யோசியுங்கள். ஆழமான குழிக்குள் ஆளை இறக்குகிற பேச்சே கூடாது. வாளிக் கக்கூசுக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவந்த ஒடுக்கப்பட்ட மக்களின் தலையில் இந்த நகரத்தின் அழுக்கு ஏறியிருந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளை அதே வாயுவுக்குள் இறக்குவதற்கு எந்த அடைப்பும் நியாயமாகாது. மலநீரை உறிஞ்சும் கலி பவுசரைக் கூப்பிடுங்கள்.

கொழும்பிலேயே கொட்டாஞ்சேனை வேறு உலகம். அங்கே நிலம் உயர்ந்தது, செம்மண்ணும் கபுக் கல்லும். வெள்ளவத்தை மணலில் நிலத்தடி நீர் மேலே நிற்கும். பொருத்து வெடித்தால் தண்ணீர் உள்ளே வரும், வரும்போது மணலையும் இழுத்து வரும், மேலே முற்றம் தாழும். கொட்டாஞ்சேனையில் பெரும்பாலும் உள்ளிருப்பது வெளியே கசியும். முற்றம் தாழாது, அதனால் பல காலம் தெரியாது. தெரியும்போது அடுத்த வீட்டுச் சுவர் ஈரமாகியிருக்கும். ஜெம்பட்டா வீதிப் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளிலும் தோட்டங்களிலும் பல வீடுகளுக்கு ஒரே குழாய், அதுவும் ஒருவர் குசினிக்கு அடியில், இன்னொருவர் படுக்கைக்கு அடியில். அங்கே மேன்ஹோல் கட்ட இடமில்லை. ஒருவர் தன் பங்கை மட்டும் பி.வி.சி ஆக்குவதும் பயனில்லை. ஏழு வீட்டுக்கு ஏழு தரம் மாற்றினால் மண்ணும் பிளாஸ்டிக்கும் மாறி மாறி வந்து, இருந்ததைவிட மோசமான பதினான்கு பொருத்துகள் மிஞ்சும். அப்படியான இடத்தில் வீட்டுக்காரர் எல்லாரும் காசு போட்டு முழு நீளத்தையும் ஒரே தடவையில் மாற்றுவதுதான் வழி. இல்லையென்றால் குழாய்க்குள் பிசின் ஊறிய துணிக்குழல் ஒன்றைச் செலுத்தி இறுக வைக்கும் முறை. 1971இல் இலண்டனில் எரிக் வுட் முதலில் செய்து காட்டியது. நிலத்தைத் தோண்டாமல் பழைய குழாய்க்குள் புதுக் குழாய். விலை அதிகம்தான், ஆனால் யாருடைய படுக்கையையும் புரட்ட வேண்டியதில்லை.

அடுக்குமாடிகளைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து பேர் இருந்த வீட்டை இடித்து இருபது வீடு எழுப்புகிறோம். பிரித்தானிய நடைமுறையில் 100 மில்லிமீற்றர் குழாய் பத்து வீட்டுக்கு மேல் ஏற்காது. அதற்கு மேல் 150 வேண்டும். புது ஆறு இஞ்சியை வெளியே இருக்கிற பழைய நாலு இஞ்சியில் கொண்டுபோய் இறக்கினால் எந்த உறையும் காப்பாற்றாது. போதாக்குறைக்கு மொட்டைமாடிப் பீலித் தண்ணீரையும் இரவோடிரவாக மலநீர்க் குழாயில் கொடுத்துவிடுகிறார்கள். மழை பெய்யும் நாளில் கீழ்வீட்டுக் கக்கூசு பொங்குவது அதனால்தான். வீதிக் குழாயோடு இணைப்பதற்கு மாநகர சபையின் அனுமதி வேண்டும் என்பதைச் சடங்காக எடுக்காதீர்கள். எந்த விட்டத்துக் குழாய் வெளியே கிடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

சரிவு பற்றிச் சுருக்கமாக: நாலு இஞ்சிக்கு நாற்பதுக்கு ஒன்று, ஆறு இஞ்சிக்கு அறுபதுக்கு ஒன்று. நாற்பது அடியில் ஓர் அடி இறக்கம். பழைய ஆட்கள் விரல்விட்டுச் சொன்ன கணக்கு, இன்றைக்கும் பிழைக்கவில்லை.

பொருத்து முடிந்ததும் உடனே மண் போட விடாதீர்கள். கீழ் முனையை அடைத்து, மேல் முனை நிரம்பத் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தில் கரிக்கோடு ஒன்று போட்டுவிட்டு எல்லாரும் போய்த் தேத்தண்ணி குடியுங்கள். அரை மணி கழித்து வந்து பாருங்கள். மட்டம் கோட்டைவிட்டு நன்றாக இறங்கியிருந்தால் பாஸ் இன்னும் வீட்டிலேயே இருக்கிறார், கூலியும் உங்கள் கையில் இருக்கிறது. இறங்காவிட்டால் பக்கங்களில் மணலை அடுக்கடுக்காக இடித்து, குழாய்க்கு மேலும் ஒரு சாண் மென்மண் போட்ட பிறகு கல்லையும் கட்டியையும் கொட்டலாம்.

அதற்கு முன் ஒரு வேலை. கைபேசியில் பொருத்தைப் படம் எடுங்கள். வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து அந்த இடத்துக்கு எத்தனை அடி, எவ்வளவு ஆழம், எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதி, மின்மானிப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். என் வீட்டில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் முற்றத்தின் பாதியைத் தோண்டியிருக்கமாட்டோம்.